பந்தல் தண்ணீர்

"கேனைக் கீழ வைக்காத பேச்சி. பிடி. எவ்வளவு வேணுமோ பிடி. இது என் கிணறு. அவ சொன்னா நீ திரும்பிப் போயிடுவியா?"

"அத்தை, நான் அக்காவை வரக்கூடாதுன்னு சொல்லல. குடிக்கவும் சமைக்கவும் வேணாம்னுதான் சொன்னேன்."

"குடிக்கவும் சமைக்கவும் இல்லாத தண்ணி எதுக்குடி? பார்த்துக்கிட்டு நிக்கவா?"

நடுவில் நின்ற பேச்சியம்மாள் நீல நிறக் கேனை இடுப்புக்கும் தரைக்கும் இடையில் எங்கோ பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் என் வீட்டுப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். விடியற்காலையிலிருந்து கொட்டிய மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. இருந்தாலும் செடிக்கு எவ்வளவு போதும் என்பது செடிக்குத்தான் தெரியும்.

"ஐயோ, அலமாக்! காலையிலேயே ஏன் இந்தச் சண்டை," என்றாள் பேச்சியம்மாள். "எனக்கு இட்லிக்கு ஊற வைக்கணும் லா. ஊத்துறீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"ஊத்துவேன்," என்றாள் கிருஷ்ணம்மா.

"ஊத்தாதீங்க அத்தை," என்றாள் மருமகள் ஏஞ்சலா. "ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணிட்டேன். இதுல குரோமியம் இருக்கு. இருக்கலாம்னு சொல்ற அளவைவிட நாலு மடங்கு இருக்கு."

"அது என்ன இழவோ. அது எங்கிருந்து வந்துச்சு என் கிணத்துக்கு?"

ஏஞ்சலா கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"மாமா கொட்டகையில காவடிக்கு முலாம் போடுறாங்கல்ல. அதுல உள்ளது அத்தை."

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த மெருகு போடும் சக்கரம் அந்த நேரம் பார்த்து நின்றது. பேச்சியம்மாள் கேனைத் தரையில் வைத்தாள். நானும் குழாயை மூடினேன். காது கேட்க வேண்டாமா.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் எங்கள் வரிசையைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய மலிவு வீடுகள் இவை. எல்லாம் ஒரே அச்சு. கடைசி வீடு மட்டும் மூலை வீடு, பக்கவாட்டிலும் பின்னாலும் கொஞ்சம் நிலம் உண்டு. அந்த நிலத்தில், தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணியார் பங்களா இருந்த காலத்துக் கிணறு ஒன்று தப்பிக் கிடந்தது. அந்தக் கிணற்றுக்காகவே அந்த வீட்டைப் பிடிவாதமாக வாங்கியவள் கிருஷ்ணம்மா. மற்றவர்கள் ஹால் பெரிதா, கார் நிற்குமா என்று பார்த்தபோது இவள் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று முதல் பைப்புத் தண்ணீரை அவள் வாயில் வைத்ததில்லை. மருந்து நாற்றம் என்பாள். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் கைப்பையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் போகும். எங்கள் வீட்டில் கொடுத்த தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்ததை நான் மறந்துவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் தண்ணீர் ருசிதான். அதை மறுக்க முடியாது. வரிசையில் பாதி வீடுகள் அந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்கின. தைப்பூசத்துக்கு எங்கள் முருகன் கோயிலுக்கு வரும் காவடிகள் பெரிய சாலையிலிருந்து திரும்பும் முனையில் போடும் முதல் பந்தல் கிருஷ்ணம்மாவுடையது. காவடி எடுத்து வருகிறவர்களின் காலை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, பின்னால் வரும் கூட்டத்துக்கு நீர்மோரும் இனிப்புச் சிராப்பும் கொடுப்பது அந்த வீட்டு உரிமை. லாபிஸிலிருந்து வருகிறவர்கள்கூட, "அந்த மூலை வீட்டு மோர்" என்று கேட்டுக் குடிப்பார்கள். அப்போது கிருஷ்ணம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். காவடியே அவளைப் பார்க்கத்தான் வருகிறது என்பதுபோல நிற்பாள்.

அவள் கணவர் ஐயாசாமியின் பெருமை வேறு மாதிரி. அவர் அதிகம் பேச மாட்டார். சிங்கப்பூரில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையில் இளமை முழுவதையும் கழித்துவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுக்கொண்டார். காவடி வளைவுகள், வேல், மயில் முகப்பு எல்லாம் அவரிடம் வரும். முதலில் சக்கரத்தில் கொடுத்துத் தேய்ப்பார். எண்ணெய்ப் பிசுக்குப் போக அமிலத்தில் அலசுவார். செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு நிக்கல் தொட்டியில் இறக்குவார். எடுத்து அலசி, கடைசியாகச் செக்கச் சிவந்த குரோமியத் தொட்டி. வெளியே எடுத்துத் திரும்பவும் அலசும்போது மஞ்சளாகத் தண்ணீர் வடியும், உள்ளிருந்து கண்ணாடிபோல இரும்பு வரும். ஜொகூரில் எந்தக் கோயிலில் காவடி மின்னினாலும், "நம்ம ரெங்கத்து ஐயாசாமி கைவேலை" என்று நாங்களும் சேர்ந்து சொல்லிக்கொள்வோம். லைசென்ஸ் இருக்கிறதா, அவர் கட்டிய குழியில் ஊற்றும் அந்த மஞ்சள் தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. மின்னுகிறதா, அதுதான் கேள்வி.

ஏஞ்சலா வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆயர் ஈத்தாமில் சாலையோரம் மண்பாண்டக் கடை வைத்திருக்கும் சந்தனசாமி, டோரிஸ் தம்பதியின் மகள். குளுவாங்கில் தண்ணீர், கழிவுநீர் பரிசோதிக்கும் லேப்பில் வேலை. மகன் விஜயன் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது கிருஷ்ணம்மா கொஞ்ச நாள் சாப்பிடாமல் இருந்ததாகப் பேச்சு. நான் பார்த்தவரை, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். கல்யாணம் கோயிலில் ஒரு தடவை, சர்ச்சில் ஒரு தடவை என்று நடந்தது. பிறகு, "என் மருமக லேப்புல இருக்கா, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு," என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் விற்கிறவன்வரை சொல்லிவைத்தாள்.

இப்போது அந்த லேப்பே வினையாக வந்து நின்றது. கொடுமை என்னவென்றால், ஏஞ்சலா குறை கண்டுபிடிக்க அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகவில்லை. லேப்பில் புது மெஷினைச் சோதிக்க நல்ல கிணற்றுத் தண்ணீர் வேண்டும் என்றார்களாம். "எங்க அத்தை வீட்டுத் தண்ணியைவிட நல்ல தண்ணி எங்க இருக்கு," என்று பெருமையாகத் தன் குடிக்கிற பாட்டிலில் இருந்ததையே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பெருமை அந்த வீட்டில் ஒட்டுவாரொட்டி.

அன்று காலை கொட்டகையிலிருந்து ரப்பர் கையுறையோடு வந்த ஐயாசாமி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தப் பாட்டில்ல கொண்டுபோனம்மா?"

"என் தண்ணி பாட்டில்தான் மாமா."

"எவர்சில்வரா?"

"ஆமா."

"எவர்சில்வர்லயே குரோமியம் கலந்திருக்கே. அது இறங்கியிருக்கும்." சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனார். சக்கரம் மறுபடி ஓடியது.

"கேட்டியா?" என்றாள் கிருஷ்ணம்மா. ஏஞ்சலாவிடம் கேட்டதைவிடச் சத்தமாக வேலிப் பக்கம் திரும்பிக் கேட்டாள். "பாட்டில் கோளாறு. கிணத்துல ஒரு கோளாறும் இல்ல."

"அந்த அளவுக்கு இறங்காது அத்தை. ஆனா மாமா கேட்டது நியாயம்தான். சனிக்கிழமை லேப்பு பாட்டில் கொண்டுவரேன். நீங்களே உங்க கையால பிடிச்சுக் குடுங்க. அதுவரைக்கும் யாரும் குடிக்க வேணாம்."

"கொதிக்க வச்சுக் குடிச்சா எல்லாம் செத்துரும்டி."

"அது உயிரோட இருந்தாத்தானே அத்தை சாகும். கொதிக்க வச்சா தண்ணி குறையும், அது அப்படியே இருக்கும்."

பேச்சியம்மாள் காலிக் கேனோடு வீட்டுக்குப் போனாள். அன்று அவள் வீட்டில் இட்லிக்கு ஊறப்போட்டது பைப்புத் தண்ணீரில். மறுநாள் எனக்கும் இரண்டு இட்லி கொடுத்தனுப்பினாள். வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் அதை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயாராக இல்லை.

சனிக்கிழமைவரை வரிசையில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தினமும் காலையில் கிணற்றடிக்குப் போகும் கேன் ஊர்வலம் நின்றுபோனது. கிருஷ்ணம்மா தளரவில்லை. கிணற்றுத் தண்ணீரில் சமைத்து வீடு வீடாகக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். ஒரு நாள் சாம்பார், ஒரு நாள் கங்கோங் கீரையும் பருப்பும். கிண்ணத்தைத் திருப்பி வாங்க அவளே வந்து நின்று முகத்தைப் பார்ப்பாள். எங்கள் வீட்டுக்கும் கருவாட்டுக் குழம்பு வந்தது. சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். கழுவின கிண்ணம்தான் திரும்பியது, வழக்கப்படி கொஞ்சம் சர்க்கரையும் போட்டுத்தான் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயில் தலைவர் மகேஸ்வரன் வந்தார். அவருடைய காவடி வளைவு அப்போது கொட்டகையில் பாதி வேலையில் தொங்கியது. அந்த வருடம் அவருக்கு வேண்டுதல். ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி குடும்பம் வீடியோவில் பார்க்கப்போகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன சொல்றேன்னா," என்று வாசலிலேயே ஆரம்பித்தார், "தைப்பூசம் முடியட்டும். அப்புறம் எந்த டெஸ்டு வேணும்னாலும் பண்ணுங்க. இப்ப போய்க் கிணறு கெட்டுப்போச்சு, காவடிதான் கெடுத்துச்சுன்னு பேச்சு கிளம்பினா நல்லாவா இருக்கும்?"

"நான் கிளப்பல தலைவரே," என்றாள் கிருஷ்ணம்மா.

"நீங்க கிளப்பல. எனக்குத் தெரியும்." குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திப் பேசினால் எனக்குக் கேட்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். "மருமகப் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா சர்ச்சுக்குப் போற பொண்ணு. அதுக்குக் காவடியோட அருமை தெரியாது பாருங்க."

கிருஷ்ணம்மா அவர் உட்கார நாற்காலியை எடுத்துப் போட்டாள். அன்று அந்தப் பேச்சு அவளுக்கு வசதியாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஏஞ்சலா மூடி போட்ட பாட்டில்களைக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தாள். "நான் கிட்டயே வரல அத்தை. வந்தா நான் ஏதோ கலந்துட்டேன்னு பேச்சு வரும். நிறைய பிடிங்க, எல்லா டெஸ்டும் பண்ணிடலாம்," என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்ச் செருப்பு ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என் சமையலறை ஜன்னலிலிருந்து கிணற்றடி தெரியும். ஜன்னல் இருந்தால் பார்க்கத்தானே வேண்டியிருக்கிறது. கிணற்றுக்குப் போகிறவள் காலி வாளியோடு போய் நிறைந்த வாளியோடு திரும்புவாள். உலக வழக்கம் அது. அன்று கிருஷ்ணம்மா வீட்டுக்குள்ளிருந்து தளும்பத் தளும்ப ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் குனிந்து பாட்டில்களை நிரப்பினாள். பிறகு கயிற்றைச் சும்மா இரண்டு இழு இழுத்துக் கப்பியைச் சத்தப்படுத்தினாள். மூடிமேல் விபூதி பூசி, "பேச்சி, வந்து பாரு, நீதான் சாட்சி," என்று கத்தினாள். பேச்சியம்மாள் ஓடிவந்து, மூடிய பாட்டில்களுக்குச் சாட்சியானாள்.

இத்தனை வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுக்கிய பைப்புத் தண்ணீரைத்தான் அவள் தன் கிணற்றின் மானத்தைக் காப்பாற்ற அனுப்பினாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பேச்சியம்மாளிடம் மட்டும் சொன்னேன்.

மாலை நான்கு மணி வாக்கில் ஏஞ்சலா வந்தாள். எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய சமையலறை. கிருஷ்ணம்மா கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட் பார்த்துட்டேன் அத்தை. குரோமியம் இல்ல. சுத்தமா இல்ல."

"நான்தான் சொன்னேனே." குரலில் வழக்கமான காரம் இல்லை.

"ஆனா குளோரின் இருக்கு."

"அது வேறயா. அதுவும் அவர் கொட்டகையில உள்ளதுதானா?"

"இல்ல அத்தை. பைப்புத் தண்ணியில போடுவாங்க. நீங்க மருந்து நாத்தம்னு சொல்வீங்கல்ல, அதுதான் அது. கிணத்துத் தண்ணியில அது வராது."

கடுகு கருகும் வாசனை சுவரைத் தாண்டி வந்தது.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல."

"லேப்புல கேட்டிருப்பாங்களே."

"கேட்டாங்க. சாம்பிள் எடுக்கும்போது நான்தான் தப்புப் பண்ணிட்டேன், ரிப்போர்ட் போடாதீங்கன்னு சொல்லிட்டேன்."

"நீயா?"

"ஆமா."

"நீ எங்க தப்புப் பண்ணின?"

"வேற என்ன சொல்ல அத்தை? எங்க மாமியார் மாத்திட்டாங்கன்னா?"

"உன் பெரிய ஆபீசர் என்ன சொன்னான்?"

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பாட்டில் தண்ணி பிடிக்கத் தெரியலையான்னு கேட்டாரு. எல்லாரும் இருந்தாங்க."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எல்லார் முன்னாலயுமா?"

"ஆமா அத்தை. விடுங்க."

"என்னடி விடுறது? என் வீட்டுப் பொண்ணைப் பார்த்துத் தண்ணி பிடிக்கத் தெரியாதவன்னு ஒருத்தன் சொல்லுவானா? அதைக் கேட்டுக்கிட்டு நீயும் சும்மா வருவியா?"

"நீங்கதானே அத்தை..."

"நான்தான். தெரியுது. மிச்சம் பாட்டில் இருக்கா?"

"கார்ல இருக்கு. இங்கயே பார்க்குற சின்ன டெஸ்டும் இருக்கு."

"எடுத்துட்டு வா. பேச்சியைக் கூப்பிடு. உங்க மாமாவையும் அந்தச் சக்கரத்தை நிப்பாட்டிட்டு வரச் சொல்லு." பிறகு குரல் என் சுவரை நோக்கித் திரும்பியது. "ஏ பக்கத்து வீடு, சுவத்துல காதை வச்சது போதும். வேலியைச் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வா."

அழைப்பை மதித்துப் போனேன்.

கிருஷ்ணம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைக் கிணற்றில் விட்டாள். மழையில் தண்ணீர் மேலே ஏறியிருந்தது, கயிறு அதிகம் போகவில்லை. எங்கள் எல்லோர் கண் முன்னாலும் இறைத்து வைத்தாள். பார்க்கக் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. ஏஞ்சலா விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, ஒரு பொட்டலத்தைக் கிழித்துத் தூளைப் போட்டுக் குலுக்கினாள். பைப்புத் தண்ணீரிலும் அதேபோல ஒரு குழாய் செய்து பக்கத்தில் வைத்தாள். பைப்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் மெல்ல மெல்ல ஊதாவாக மாறியது. கத்தரிப்பூ நிறம்.

"சும்மா தூள் கலரா இருக்கும்," என்றாள் பேச்சியம்மாள், கிருஷ்ணம்மாவுக்கு ஆறுதலாக.

"இல்ல," என்றார் ஐயாசாமி.

அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "இந்தக் கலர் எனக்குத் தெரியும். சிங்கப்பூர்ல கழிவுத் தண்ணியை வெளிய விடுறதுக்கு முன்னாடி ஒருத்தன் வந்து இப்படித்தான் பார்ப்பான். இந்தக் கலர் வந்தா வால்வைத் திறக்க விட மாட்டான்." குழாயை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். "அங்க அதுக்குன்னு ஒரு ஆள் இருந்தான். இங்க எல்லாமே நான்தான்."

"நீங்க குழியிலதானேங்க ஊத்துறீங்க?" என்றாள் கிருஷ்ணம்மா. "சிமெண்டு போட்டு, ரெண்டு தடவை தார் அடிச்சு, நீங்களே கட்டின குழி."

"குழியிலதான் ஊத்துறேன். வருஷக்கணக்கா ஊத்துறேன்." அவர் குழாயை மருமகளிடம் கொடுத்தார். "அது நிறையவே இல்ல கிருஷ்ணா. நிறையலயே, எவ்வளவு நல்லாக் கட்டியிருக்கேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

எங்களுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. மூடி போட்ட குழி, தினமும் ஊற்றுகிறார், நிறையவில்லை. அப்படியானால் எங்கே போனது. அந்தக் கெட்டிக்காரக் குழியைப் பற்றி அவர் சொல்லி நாங்களும் எத்தனையோ தடவை தலையாட்டியிருக்கிறோம்.

ஐயாசாமி கொட்டகைக்குள் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மகேஸ்வரனின் வளைவு நிக்கல் தொட்டியிலிருந்து வந்து, மங்கலான மஞ்சள் சாயலோடு, குரோமியம் ஏறாமல் கம்பியில் தொங்கியது. அதை அப்படியே அவிழ்த்துத் துடைத்துச் சாக்கில் சுற்றினார். சிங்கப்பூர் வேலையிலிருந்து வாரக்கடைசிக்கு வந்த விஜயன் வாசலில் பையை இறக்கும்போது, வீட்டில் எல்லோரும் கிணற்றடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, யாரும் விழுந்துட்டாங்களா?" என்று கேட்டான். அந்தப் பிள்ளைக்கு எப்போதும் சண்டை முடிந்த பிறகு வந்து சேரும் யோகம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் தைப்பூசக் கூட்டம். ஏஞ்சலா சர்ச்சுப் பூசைக்கு ஆயர் ஈத்தாம் போயிருந்தாள். பந்தல் விஷயம் வந்ததும் மகேஸ்வரன் தொண்டையைச் செருமினார்.

"முதல் பந்தல் பத்தி ஒரு சின்னப் பேச்சு அடிபடுது. நம்ம அதைப் பெரிசாக்க வேணாம். வெளியூர் ஆளுங்க காதுல விழுந்தா..."

பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ, "அந்த வீட்டு மருமக சர்ச்சு ஆளு. அதான் காவடி மேல கண்ணு," என்றார்.

கிருஷ்ணம்மா எழுந்தாள். சிவப்புச் சேலை, தைப்பூசத்துக்கென்று எடுத்து வைத்தது. முன்கூட்டியே கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"யாரு பேசினது? எந்திரிச்சுப் பேசுங்க."

நாங்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்தோம்.

"என் மருமக சர்ச்சுக்குப் போறா. மழை பேஞ்சாலும் போறா, இன்னைக்கும் போயிருக்கா. இங்க உள்ளவங்கள்ல எத்தனை பேர் வெள்ளிக்கிழமை தவறாம இந்தக் கோயிலுக்கு வர்றீங்க, கையைத் தூக்குங்க பார்ப்போம்."

தலைவரே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. காவடி மேல தப்பு இல்ல. முருகன் மேலயும் இல்ல. குழி மேல தப்பு. குழி என் வீட்டுக்காரர் கட்டினது. அதுல கசிஞ்சு என் கிணறு கெட்டுப்போச்சு. இனிமே யாரும் அதுல ஒரு வாய் குடிக்கக் கூடாது. குடிச்சவங்க எல்லாம் குளுவாங் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டணும், விஜயன் வண்டியில கொண்டுபோவான். என் வீட்டுக்காரர் நாளைக்குச் சுற்றுச்சூழல் ஆபீசுக்குத் தானே போய்ச் சொல்லப்போறாரு. யாரும் பிடிச்சுக் குடுக்க வேணாம்."

"அம்மா, அவசரப்படாதீங்க," என்றார் மகேஸ்வரன்.

"இன்னும் முடிக்கல தலைவரே. டெஸ்டுக்கு முதல்ல நான் பைப்புத் தண்ணியைக் குடுத்து ஏமாத்தினேன். அதையும் என் மருமக கண்டுபிடிச்சிட்டா." இதைச் சொல்லும்போது அவள் கழுத்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "பாட்டிலைப் பார்த்தே சொல்லிட்டா, இது எந்தத் தண்ணின்னு. அவ கண்ணுல எதுவும் தப்பாது. எனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு அவ ஆபீசுல பழியை ஏத்துக்கிட்டா. அவளைப் பத்தி இனிமே பேசுறவங்க என் வாசல்ல வந்து பேசுங்க."

ஏமாற்றியதை ஒப்புக்கொள்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவள் பரிசு வாங்க மேடை ஏறியவள்போல நின்றாள்.

"சரிம்மா," என்றார் மகேஸ்வரன், வேறு வழி தெரியாமல். "அப்ப முதல் பந்தலை இந்த வருஷம் வேற யாருக்காவது..."

"எதுக்கு? கெட்டது தண்ணிதான். எனக்குக் கை நல்லாத்தான் இருக்கு. பந்தல் நான்தான் போடுவேன். பைப்புத் தண்ணியில."

"நீங்க அதை வாயில வைக்க மாட்டீங்களே," என்றாள் பேச்சியம்மாள். வேண்டுமென்றே கேட்கவில்லை. அவளுக்கு மனதில் பட்டதெல்லாம் வாயில் வந்துவிடும்.

கிருஷ்ணம்மா நேராக மண்டபத்து மூலைக் குழாய்க்குப் போனாள். எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக் கழுவி, நிறையப் பிடித்து, எல்லோரும் பார்க்கக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். விளக்கெண்ணெய் குடித்த முகம்தான். ஆனால் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். முதலில் கைதட்டியது யார் என்று பிறகு பெரிய விவாதம் நடந்தது. நான்தான் என்று நான் சொல்வதைப் பேச்சியம்மாள் ஒத்துக்கொள்வதில்லை.

தைப்பூசத்தன்று முதல் பந்தல் அதே முனையில் நின்றது. ஐயாசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார். மகேஸ்வரனின் காவடி மின்னாமல்தான் வந்தது. வீடியோவில் அது பழங்காலத்து வெண்கலக் காவடிபோல விழுந்ததாகவும், ஆஸ்திரேலியாத் தம்பி அதை மிகவும் மெச்சியதாகவும் பிறகு கேள்விப்பட்டோம். "கிணத்துத் தண்ணி மோரா?" என்று கேட்ட லாபிஸ்காரர்கள் ஒவ்வொருவரையும் கிருஷ்ணம்மா நிறுத்தி வைத்துக் குழிக் கதையை முழுவதும் சொல்லித்தான் டம்ளரைக் கொடுத்தாள். வரிசை சாலைவரை நீண்டது.

சுற்றுச்சூழல் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிணற்றுக்கு மூடி போட்டு எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள். தொட்டிகளை அதற்கென்று உள்ள லோரி வந்து ஏற்றிப்போனது. குழியைத் தோண்டியபோது அடியில் ரம்பூத்தான் மரத்து வேர் சிமெண்டைப் பிளந்துகொண்டு நுழைந்திருந்தது தெரிந்தது. ஐயாசாமிக்கு அபராதமும் விழுந்தது. அவர் வாதாடாமல் கட்டிவிட்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள், ஒருவருக்கும் கெடுதலாக ஒன்றும் வரவில்லை. எனக்கு மட்டும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதற்கும் கிருஷ்ணம்மாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

கிணற்றுப் பெருமை போன இடத்தில் டெஸ்ட் பெருமை வந்து உட்கார்ந்தது. சுற்றுவட்டாரத்தில் கிணறு வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் அவளே போனாள். "உங்க தண்ணியை டெஸ்ட் பண்ணிட்டீங்களா? இன்னும் இல்லையா? எங்க வீட்டுல பண்ணிட்டோமே," என்பாள். குழாயைப் பிடிப்பது எப்படி, பாட்டிலை எதுவரை நிரப்புவது என்று வகுப்பு எடுப்பாள். பாட்டில் வாங்கவும் கொண்டுபோகவும் ஏஞ்சலாவின் தம்பி ரேமண்ட் சனிக்கிழமைகளில் ஆயர் ஈத்தாமிலிருந்து வண்டி ஓட்டி வந்தான். தலைவர் வீட்டுப் பின்புறமும் ஒரு பழைய கிணறு உண்டு. அந்த ஒரு கிணற்றுக்கு மட்டும் திரும்பத் திரும்ப சாம்பிள் எடுக்க வேண்டியிருந்தது ஏன் என்று நான் அப்போதே கேட்டேன். தலைவரின் மகள் ரூபினிதான் ஒவ்வொரு தடவையும் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பாள்.

போன ஜூனில் ரேமண்டுக்கும் ரூபினிக்கும் கல்யாணம் நடந்தது. கோயிலில் ஒரு தடவை, சர்ச்சில் ஒரு தடவை. ஆயர் ஈத்தாம் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்த மகேஸ்வரன், எல்லோரும் எழும்போது எழுந்து, எல்லோரும் உட்காரும்போது ஒரு நொடி தாமதமாக உட்கார்ந்தார். விருந்தில் ஆஸ்திரேலியாத் தம்பிக்குக் கிருஷ்ணம்மாவை அறிமுகம் செய்தார்.

"இவங்கதான் மூலை வீட்டு அம்மா. அந்தத் தண்ணி டெஸ்ட் பண்ணினவங்க."

"டெஸ்ட் பண்ணினது என் மருமக," என்றாள் கிருஷ்ணம்மா. "ஒத்துக்கிட்டது நான்."

பேச்சியம்மாள் தன் மகனோடு இருக்க லாபிஸுக்குப் போய்விட்டாள். போனில் நாள் தவறாமல் விசாரிக்கிறாள். ஐயாசாமிக்கு செனாயில் ஒரு முலாம் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விஜயன் சிங்கப்பூரை விட்டுவிட்டு, லேப்புக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று குளுவாங்கில் வீடு பார்த்து எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனான். மூலை வீட்டுக்கு இப்போது ஒரு இளம் தம்பதி வாடகைக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள், மெதுவாகச் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு நாள்கூடச் சண்டை கிடையாது. இவர்களோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை.